மண்ணுக்குள் ஒரு பாலித்தீன் பட்டை: கடலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பூச்சிமருந்தோ ரசாயனக் கழிவோ கலந்த மண்ணில் மெல்லிய பாலித்தீன் பட்டைகளைச் செருகி வைத்து, ஒன்றிரண்டு மாதம் கழித்து எடுத்து, அதில் ஏறியிருக்கும் நஞ்சை அளப்பது எங்கள் வேலை. ஆய்வகம் புதுச்சேரியில். மண் பெரும்பாலும் கடலூர்ப் பக்கம். பட்டை செருகும்போது வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கேட்பது, மாணவர்கள் போனில் கேட்பது, ரிசல்ட் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்க்காரர்கள் கேட்பது எல்லாம் இங்கே இருக்கிறது.

சாம்பிளர் என்கிறீர்கள். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. வெறும் பாலித்தீன் காகிதம் என்னத்தை அளக்கும்?

கடலூர் ஓ.டி.யில் கருவாடு வாங்கியிருப்பீர்கள். வீட்டுக்கு வந்து கருவாட்டை எடுத்துவிட்டு அந்தப் பாலித்தீன் பையை நன்றாகக் கழுவிக் காயப்போடுங்கள். மறுநாளும் நாறும். பையில் ஒட்டியிருக்கும் அழுக்கு நாறவில்லை; பாலித்தீனுக்கு உள்ளேயே வாடை இறங்கிவிட்டது. தண்ணீரோடு ஒத்துப்போகாத, எண்ணெயோடு ஒத்துப்போகிற பொருள்களுக்குப் பாலித்தீன் சொந்த வீடு மாதிரி.

டிடிடி, எண்டோசல்பான் போன்ற பூச்சிமருந்துகள், பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் இருந்த பிசிபி எல்லாம் அந்த ரகம்தான். மண்ணில் இருக்கும் ஈரத்தில் இவை மிக மிகக் கொஞ்சமாகக் கரைந்திருக்கும். பட்டையைச் செருகினால் அந்தக் கொஞ்சம் பட்டைக்குள் போகும், மண் மறுபடி கொஞ்சம் விடும், அதுவும் பட்டைக்குள் போகும். இரண்டு பக்கமும் சமநிலைக்கு வரும் வரை இது நடக்கும். இதற்கு மின்சாரமும் பம்பும் எதற்கு? ஆங்கிலத்தில் 'பாசிவ் சாம்பிளர்' என்பதன் பொருளே அதுதான்: சும்மா இருந்து சேர்ப்பது.

எந்த நஞ்சுகளை இப்படி அளக்கலாம்?

'நிலைத்த கரிம மாசுகள்' என்ற கூட்டத்தை. ஆய்வகத்தில் சுருக்கமாகப் 'பாப்ஸ்'. எளிதில் சிதையாது, கொழுப்பில் சேரும், காற்றிலும் நீரிலும் வெகுதூரம் பயணிக்கும். 2001இல் கையெழுத்தாகி 2004இல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை முதலில் 12 பெயர்களோடு தொடங்கியது: ஆல்ட்ரின், டீல்ட்ரின், எண்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர், மைரெக்ஸ், டாக்ஸாஃபீன், டிடிடி, ஹெக்சாகுளோரோபென்சீன், பிசிபி, டையாக்சின், ஃபியூரான். இந்தியா 2006இல் சேர்ந்தது. 2009இல் லிண்டேனும் அதன் உடன்பிறப்புகளும், 2011இல் எண்டோசல்பானும் பட்டியலில் ஏறின. 2025இல் குளோர்பைரிபாஸும் சில விலக்குகளோடு ஏறிவிட்டது. வீடு கட்டும்போது கரையானுக்கு அடிக்கும் அதே மருந்துதான்.

வயசானவர்களுக்கு இந்தப் பெயர்களை விட 'பி.எச்.சி. பவுடர்' என்றால் புரியும். நெல் வயலில் கையால் தூவிய அந்த வெள்ளைப் பொடிதான் இன்று நாங்கள் எச்.சி.எச். என்று அளப்பது. 1997இல் இந்தியாவில் தடை வந்தது.

மண்ணை அள்ளி லேபுக்கு அனுப்பினால் மொத்தம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்களே. பட்டை எதற்கு?

எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நான் நின்று பதில் சொல்ல விரும்புவதும் இதற்குத்தான்.

மண்ணை அள்ளிக்கொண்டு போனால் லேபில் அதை ஹெக்சேனும் அசிட்டோனும் கலந்த கரைப்பானில் ஓர் இரவு முழுக்கக் கொதிக்க வைத்துப் பிழிந்து எடுப்பார்கள். களிமண் இடுக்கில், மட்கின் நடுவில், கரித்துகளுக்குள் 30 வருஷமாகப் பூட்டிக் கிடப்பது வரைக்கும் எல்லாம் வெளியே வரும். அதுதான் தாளில் 'கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்' என்று வருவது. பொய் கிடையாது. ஆனால் மண்புழு அசிட்டோன் குடிப்பதில்லை. வேரும் குடிப்பதில்லை. அவற்றுக்குக் கிடைப்பது மண் ஈரத்தில் கரைந்து வெளியே நிற்கிற பங்கு மட்டும்.

ஒருவருக்கு ஐந்து ஏக்கர் நிலம் இருக்கலாம், சட்டைப் பையில் ஐம்பது ரூபாய்கூட இல்லாமல் இருக்கலாம். சொத்து வேறு, கையிருப்பு வேறு. கரைப்பானில் பிழிந்து எடுப்பது சொத்துக் கணக்கு. பட்டை சொல்வது கையிருப்பு.

இரண்டும் எவ்வளவு விலகும்? கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான மண்ணில் கரிமச் சத்து 0.2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுப்படுகைக் களிமண்ணில் 2 சதவீதம். இரண்டிலும் கிலோவுக்கு 1 மில்லிகிராம் டிடிஇ (டிடிடி மண்ணில் மாறி வருவது) இருந்தால், சொத்துக் கணக்கில் இரண்டு தாளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் மணலில் அதைப் பிடித்துவைக்க ஆள் குறைவு. அங்கே ஈரத்தில் கரைந்து நிற்பது ஏறக்குறைய பத்து மடங்கு. மண்ணில் கரித்துகளோ புகைக்கரியோ கலந்திருந்தால் புத்தகச் சூத்திரமே கைவிட்டுவிடும். அது பிடித்தால் விடாப்பிடி. நெய்வேலியில் பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரியும், கரையோரத்தில் மணலும், இடையில் களியும் இருக்கிற மாவட்டத்தில் எல்லா மண்ணுக்கும் ஒரே சூத்திரம் போட்டு 'கரைந்திருப்பது இவ்வளவு' என்று கணக்கெழுதுவதை நான் நம்புவதில்லை. செருகிப் பார்க்க வேண்டும்.

பட்டையில் ஏறியதை எப்படிக் கணக்காக மாற்றுகிறீர்கள்?

ஒரு மாதம் வைத்தால் சமநிலைக்கு வந்துவிட்டதா, பாதி வழியில் நிற்கிறதா என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு தந்திரம் உண்டு. அனுப்புவதற்கு முன்பே, மண்ணில் இயற்கையாக இல்லாத ஒரு சேர்மத்தைப் பட்டைக்குள் நாங்களே அளந்து ஏற்றிவிடுவோம். டியூட்டீரியமோ கார்பன்-13ஓ பொதிந்த அதே குடும்பத்துச் சரக்கு. பிஆர்சி என்போம். வெளியிலிருந்து நஞ்சு உள்ளே வரும் அதே வேகத்தில் இது வெளியே போகும். திரும்பி வந்த பட்டையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால் போதும்.

கணக்கு போட்டே காட்டுகிறேன், எண்கள் விளக்கத்துக்காக. பட்டையில் ஒரு கிராமுக்கு 200 நானோகிராம் டிடிஇ இருக்கிறது. பிஆர்சி 40 சதவீதம் வெளியேறியிருக்கிறது. அதாவது பட்டை 40 சதவீத வழிதான் வந்திருக்கிறது. 200ஐ 0.4ஆல் வகுத்தால் 500. சமநிலைக்கு வந்திருந்தால் கிராமுக்கு 500 நானோகிராம் இருந்திருக்கும். பாலித்தீனுக்கும் தண்ணீருக்கும் இடையே இந்தச் சேர்மம் பங்கு பிரியும் விகிதம் பத்து லட்சத்துக்கு ஒன்று என்று வைத்தால், அதாவது ஒரு கிலோ பாலித்தீனில் இருப்பதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு லிட்டர் தண்ணீரில் என்றால், மண் ஈரத்தில் லிட்டருக்கு 0.5 நானோகிராம்.

இப்போது இதைப் பாருங்கள். பட்டையின் எடை 0.1 கிராம். அதில் சேர்ந்தது 20 நானோகிராம். லிட்டருக்கு 0.5 என்றால் அது 40 லிட்டர் தண்ணீரில் இருக்கும் அளவு. மண்ணிலிருந்து 40 லிட்டர் ஈரத்தைப் பிழிந்து எடுக்க யாரால் முடியும்? விரல் அகலப் பட்டை அதைச் செய்துவிட்டு வருகிறது.

எல்லாச் சேர்மத்துக்கும் ஒரே பிஆர்சி உதவாது. லிண்டேன் மாதிரி இலகுவானது சீக்கிரம் சமநிலைக்கு வரும். குளோரின் நிறைய உள்ள பிசிபி ஆமை. அதனால் மூன்று நான்கு பிஆர்சி ஏற்றுவோம்.

பட்டையை எப்படித் தயார் செய்து செருகுகிறீர்கள்?

25 மைக்ரான் தடிமன் பாலித்தீன் தாள். இதை விடத் தலைமுடி தடிமன். கீற்றாக வெட்டி, கரைப்பானில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பழைய அழுக்கை எடுத்து, பிஆர்சி கரைசலில் சில வாரம் ஊறவிட்டு, எவர்சில்வர் சட்டத்தில் கம்பி வலைக்கு நடுவே வைத்துக் கட்டுவோம். இடத்தில் முதலில் இரும்புத் தகடால் மண்ணில் ஒரு பிளவு போட்டு, அதில் சட்டத்தை இறக்கி, இரண்டு பக்கமும் காலால் மிதித்து மண்ணைப் பட்டையோடு ஒட்டவைக்க வேண்டும். இடையில் காற்று நின்றால் கணக்கு கெட்டுப்போகும். சித்திரை வைகாசியில் களிமண் பூமி செங்கல் மாதிரி இருக்கும். தகடு வளையுமே தவிர மண் வழிவிடாது.

எடுக்கும்போது சுத்தமான தண்ணீரில் அலசி, டிஷ்யூவால் மண்ணை ஒற்றி எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றிக் கண்ணாடிக் குப்பியில் போட்டு ஐஸ் பெட்டிக்குள். சோப்பு கூடவே கூடாது.

சும்மா இருந்து சேர்ப்பது என்றேன் அல்லவா, அது எங்கே இருந்தாலும் சேர்க்கும். ஒரு முறை சிதம்பரம் சாலையில் ஒரு லாட்ஜில் தங்கினேன். களைப்பில் பட்டைப் பெட்டியைத் துணி அலமாரியில் வைத்துவிட்டேன். அலமாரிக்குள் அந்துருண்டை. காலையில் கதவைத் திறந்தவுடனேயே வயிற்றைக் கலக்கியது. கூடவே எடுத்துப்போன 'பிளாங்க்' பட்டையை, அதாவது மண்ணில் செருகாமல் வெறுமனே கூட வந்து திரும்பும் பட்டையை, ஓட்டிப் பார்த்தால் குரோமட்டோகிராமின், அதாவது அளக்கும் கருவி வரைந்து தரும் கோட்டின், தொடக்கத்திலேயே மலை மாதிரி ஒரு பீக். அந்தத் தொகுதி முழுக்கக் குப்பைக்குப் போனது. தப்பு என்னுடையது. ஆனால் பிளாங்க் எடுத்துப் போகாமல் இருந்திருந்தால் அந்தத் தப்பே தெரிந்திருக்காது. அதனால் பிளாங்க் இல்லாத ரிசல்ட்டை இப்போது யார் காட்டினாலும் நான் படிப்பதில்லை.

எத்தனை நாள் வைக்க வேண்டும்? எந்த மாதம் நல்லது?

ஈரமான மண்ணில் ஒன்று முதல் மூன்று மாதம். காய்ந்த மண்ணில் பரிமாற்றம் மெதுவாக நடக்கும், பிஆர்சி அசையவே அசையாது. அப்போது ரிசல்ட் வெறும் ஊகம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு செருகினால் நல்லதுதான், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் கெடிலமும் பரவனாறும் என்ன செய்யும் என்று கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் தாழ்வான இடத்தில் சட்டம் நடமாட்டார்கள். தை பிறந்ததும் மண்ணில் ஈரம் இருக்கும்போதே செருகிவிடுவது என் வழக்கம்.

இவ்வளவு சிரமத்துக்கு மண்ணைக் கொண்டுவந்து லேபிலேயே பட்டை போட முடியாதா?

முடியும். செய்கிறோம். மண்ணும் தண்ணீரும் கலந்து குழம்பாக்கி, கிருமிகள் நஞ்சைத் தின்றுவிடாமல் சோடியம் அசைடு சேர்த்து, பட்டையோடு 28 நாள் குலுக்கிக்கொண்டே இருந்தால் சமநிலை கிடைக்கும். இதற்குப் பாலித்தீனை விடப் பாலிஆக்ஸிமெத்திலீன் பட்டை வசதி. வழவழப்பாக இருப்பதால் கரித்துகள் ஒட்டாது. நிறைய இடங்களை ஒப்பிட வேண்டுமென்றால் இதுதான் சிக்கனம். ஆனால் வயலின் வெயிலும் ஈரமும் மண்ணின் அடுக்கும் குலுக்கு மேசையில் இல்லை. சோடியம் அசைடு கொடிய விஷம். வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

யார் கொட்டியது என்று பட்டை காட்டிக்கொடுக்குமா?

ஆளைக் காட்டாது. வயதையும் வகையையும் ஓரளவு சொல்லும்.

டிடிடி மண்ணில் காற்றோட்டம் இருந்தால் டிடிஇ ஆகும்; தண்ணீர் தேங்கிய நெல் வயலில் டிடிடியிலிருந்து குளோரின் ஒன்று கழன்று டிடிடி-யின் தம்பி போல ஒன்று வரும். முதலாவது ஆங்கிலத்தில் DDT, இந்தத் தம்பி DDD. அதைத் தமிழில் எழுதும்போது பெயர்க் குழப்பம் வருவதால் 'டி-டி-டி இரண்டாம்' என்று எங்கள் பெட்டிகளில் எழுதிவைத்திருக்கிறோம். மாறாத டிடிடி அதிகமாகவும் டிடிஇ குறைவாகவும் இருந்தால் அது புதுசு. இந்தியாவில் விவசாயத்துக்கு டிடிடி 1989இலேயே நின்றது. கொசு, மணல் ஈ ஒழிப்புக்கு மட்டும் அனுமதி தொடர்ந்தது. எச்.சி.எச்.சில் இன்னும் தெளிவு: பழைய பி.எச்.சி. பவுடரில் ஆல்ஃபா வகை 60 சதவீதத்துக்கு மேல், காமா 10 முதல் 15 சதவீதம். காமா மட்டும் தனியாகத் தூக்கலாக இருந்தால் அது லிண்டேன். பீட்டா மட்டும் மிச்சம் நின்றால் நெடுங்காலம் கிடந்த சரக்கு. குடும்பத்திலேயே கடைசி வரை தாக்குப்பிடிப்பது அதுதான்.

சிப்காட் ஓரத்துக் குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து ஆட்கள் 'அப்போ இதை வைத்து கோர்ட்டுக்குப் போகலாமா' என்பார்கள். வயலில் தூவியதும் இந்த மண்ணில்தான் கிடக்கிறது, உப்பனாறு கொண்டுவந்ததும் இங்கேதான் கிடக்கிறது. விகிதம் ஒரு துப்பு. துப்பை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

அந்தக் காலத்தில் போட்ட மருந்து இத்தனை வெயிலுக்கு ஆவியாகிப் போயிருக்காதா?

நல்ல கேள்வி, பதிலும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1980களின் கடைசியில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து காற்றையும் வெள்ளாற்றையும் வயலையும் அளந்தார்கள். சம்பா பருவத்தையொட்டிக் காற்றில் எச்.சி.எச். ஏறியது. வயலில் போட்டதில் பெரும்பகுதி காற்றுக்கே போனது, ஆற்றுக்குப் போனது சொற்பம். வெப்ப நாட்டில் இந்த மருந்துகள் தங்குவதை விடப் பறப்பது அதிகம் என்று உலகத்துக்குச் சொன்ன ஆய்வுகளில் இது முக்கியமானது.

எச்.சி.எச். பறக்கும், டிடிஇ அவ்வளவு பறக்காது. இன்றைக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க, மண்ணில் ஒரு பட்டையும் அதற்கு நேர் மேலே காற்றில் ஒரு பட்டையும் வைப்போம். மண்பட்டையில் சமநிலை அளவு அதிகமென்றால் நஞ்சு மண்ணிலிருந்து காற்றுக்கு ஏறுகிறது. காற்றுப்பட்டையில் அதிகமென்றால் எங்கிருந்தோ வந்து இறங்குகிறது. ஒரே பொருளால் இரண்டையும் அளப்பதால் சூத்திரமே இல்லாமல் திசை தெரிந்துவிடும். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதி இதுதான்.

பட்டை ரிசல்ட் குறைவாக வந்தால் பயமில்லை என்று அர்த்தமா?

இல்லை. குழந்தை மண்ணில் விளையாடிவிட்டு விரலை வாயில் வைக்கிறது. நாட்டுக்கோழி மண்ணைக் கொத்துகிறது, முட்டையின் மஞ்சளில் கொழுப்பு இருக்கிறது. இங்கே வயிற்றுக்குள் போவது மண்ணேதான். வயிற்றில் எவ்வளவு கழன்று வரும் என்பது வேறு கணக்கு. அங்கன்வாடி வாசல், கோழி மேயும் கொல்லை என்றால் நான் முதலில் கேட்பது மொத்த அளவைத்தான். கீரை, மண்புழு, நிலத்தடி நீர், காற்று என்றால் பட்டையை. காய்கறியில் பூசணி, வெள்ளரிக் குடும்பத்தின் மேல் கொஞ்சம் கண் இருக்கட்டும். டீல்ட்ரின், டிடிஇ போன்றவற்றை வேர் வழியாக இழுப்பதில் அந்தக் குடும்பத்தில் சில வகைகள் பேர்போனவை.

ஈயம், பாதரசம், மோனோகுரோட்டோபாஸ் இதையெல்லாம் இதே பட்டையில் பார்க்கலாமா?

பார்க்க முடியாது. உலோகத்துக்குத் தனிக் கூழ்ப் பட்டை உண்டு. மோனோகுரோட்டோபாஸ் தண்ணீரில் நன்றாகக் கரைவது, பாலித்தீன் பக்கமே வராது. ஒட்டாத தவா சர்ச்சையில் வரும் ஃபுளோரின் சேர்மங்களும் அப்படித்தான்.

மண்ணில் கரி கலந்தால் நஞ்சு போய்விடும் என்கிறார்களே?

போகாது, பூட்டப்படும். எடைக்கு எடை இரண்டு முதல் ஐந்து சதவீதம் தூண்டப்பட்ட கரி கலந்தால் ஈரத்தில் கரைந்து நிற்கும் பங்கு பல மடங்கு இறங்கும். அதற்கான கரியைக் கொட்டாங்கச்சியில் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. மொத்த அளவு மட்டும் அப்படியே நிற்கும். அதனால் கரி வேலை செய்கிறதா என்று மண்ணைப் பிழிந்து பார்த்துத் தெரிந்துகொள்ளவே முடியாது. கலப்பதற்கு முன் ஒரு பட்டை, ஆறு மாதம் கழித்து ஒன்று, அடுத்த வருஷம் ஒன்று என்று வைத்துத்தான் பார்க்க வேண்டும். அடுப்புக்கரி, வைக்கோல் சாம்பல் எல்லாம் அதே பலன் தராது. கலந்துவிட்டு 'சுத்தமான மண்' என்று பலகை வைப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

லேபில் கொடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

என்ஏபிஎல் (லேபுகளுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உண்டா என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். அந்த அங்கீகாரம் சோதனைவாரியாகத்தான் தருவது. உங்களுக்கு வேண்டிய சோதனை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பிளாங்க் எத்தனை, பிஆர்சி எவ்வளவு குறைந்தது, பங்கீட்டு விகிதத்தை எந்த வெப்பநிலைக்கு எடுத்தார்கள் என்று கேளுங்கள். புத்தக எண்கள் பெரும்பாலும் 25 டிகிரிக்கு. நம் மண் பெரும்பாலும் அதை விடச் சூடு. 'கண்டறியப்படவில்லை' என்று எழுதியிருந்தால் எந்த அளவுக்குக் கீழே என்று எண் கேளுங்கள். எண் இல்லாத 'இல்லை'க்கு மதிப்பில்லை.

மாசுபட்ட இடங்களுக்கென்றே மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. சந்தேகமுள்ள இடத்தைப் பற்றி மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதும்போது அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அங்கே அவர்கள் கேட்கப்போவது மண்ணின் மொத்த அளவைத்தான். பட்டைத் தாளை அதோடு சேர்த்து வையுங்கள், அதற்குப் பதிலாக அல்ல.

எங்கள் கொல்லையில் உங்கள் சட்டம் ஒன்று நட்டிருக்கிறது. ஆடு முட்டித் தள்ளிவிட்டது. திரும்பச் செருகிவிடட்டுமா?

வேண்டாம். விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு, எந்த நாள், எந்த நேரம் பார்த்தீர்கள் என்று குறித்துக்கொண்டு சட்டத்தில் கட்டியிருக்கும் எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். காற்றில் எத்தனை நாள் கிடந்தது என்று தெரிந்தால் அந்தப் பட்டையைக் கழித்துவிட்டுப் பக்கத்தில் நட்ட ஜோடிப் பட்டையை வைத்துச் சமாளிப்போம். நல்ல எண்ணத்தில் ஒருவர் துடைத்துச் சுத்தமாக்கி, மறுபடி நட்டு, சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த ஒரு எண் ஏன் மற்றவற்றோடு ஒட்டவில்லை என்று நாங்கள் இரண்டு மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம்.